பன்னீர் திராட்சை வெட்டுக்கு உதவப் போகிறோம்: எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

நாராயணபுரத்துக்காரி (மதுரை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிறுமலை அடிவாரத்தில் வெள்ளோடு பக்கம் எங்கள் தாய்மாமாவுக்கு முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. வைகாசி தொடக்கத்தில் கவாத்து (பழைய குச்சிகளை நறுக்கிவிடுவது) செய்தார், இப்போது ஆவணி பாதி தாண்டி பழம் கறுத்துவிட்டது. வழக்கமாக ஒரு வியாபாரி வந்து பந்தலைப் பார்த்து மொத்தமாக விலை பேசி, அவர் ஆட்களையே வைத்து வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இந்தத் தடவை அவர் சொன்ன விலை மாமாவுக்கு மனசுக்கு ஒப்பவில்லை. நானே வெட்டி மதுரை மாட்டுத்தாவணி பழச் சந்தைக்கு அனுப்பிப் பார்க்கிறேன் என்று இறங்கிவிட்டார்.

ஆள் கிடைப்பது சிரமமாக இருக்கிறது, அத்தைக்கு முழங்கால் வலி. அதனால் நான், வீட்டுக்காரர், நாத்தனார், காலேஜ் படிக்கிற பிள்ளைகள் என்று குடும்பமாகச் சனி ஞாயிறு போய் நிற்கலாம் என்று இருக்கிறோம். எங்களில் யாரும் திராட்சை வெட்டியதில்லை. "வந்தாலே போதும்மா" என்கிறார் மாமா, ஆனால் நாங்கள் போய் அவருக்கு இன்னொரு வேலையாகிவிடக் கூடாது. என்ன செய்தால் நிஜமாகவே உதவியாக இருக்கும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். விநாயகர் சதுர்த்திக்கு விலை ஏறும், அதற்கு முன்னால் மொத்தத்தையும் ஒரே வெட்டாக இறக்கிவிடு என்று பக்கத்துத் தோட்டத்தில் சொல்கிறார்கள். மாமா பழத்தை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு யோசிக்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சுருளிப்பட்டிப் பந்தல் (கம்பம் பக்கம்) எழுதியது:

அக்கா, மாமா எடுத்தது நல்ல முடிவு. எங்கள் பக்கம் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர் என்று பள்ளத்தாக்கு முழுக்க இதே பன்னீர்தான். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆளாளுக்கு வேறு வேறு மாதத்தில் கவாத்து செய்வதால் வருஷம் முழுக்க எங்காவது ஒரு பந்தலில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும், புதிதாக வந்து நிற்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து எனக்குப் பழக்கம் உண்டு.

முதல் விஷயம் கை. குலையைப் பழத்தில் பிடிக்கவே கூடாது. ஒரு கையால் காம்பைப் பிடித்து, கொடியை ஒட்டிக் கத்தரியால் நறுக்கி, காம்பை விடாமல் அப்படியே கிரேட்டுக்குள் படுக்க வைக்க வேண்டும், அதுவும் அடுத்தவர் எடுக்கும்போது காம்பு கைக்குக் கிடைக்கிற மாதிரி. பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போல ஒரு வெள்ளைப் படலம் இருக்கும். விரல் பட்டால் அது போய்விடும், போன இடம் பளபளவென்று கறுப்பாகத் தெரியும். மண்டியில் அந்தக் கைத்தடத்தைப் பார்த்தே புரட்டிப் போட்ட பழம் என்று விலையை இறக்கிவிடுவார்கள். பன்னீர் சீக்கிரம் உதிரும் ரகம் வேறு. கிரேட்டை ஒரு அடி உயரத்திலிருந்து தொப்பென்று வைத்தால்கூட அடியில் உதிரிப் பழம் சேர்ந்துவிடும்.

இரண்டாவது கழுத்து. பந்தல் ஆறடிக்கு மேல் இருக்கும், வேலை முழுவதும் தலைக்கு மேலேதான். வயல் வேலை என்றால் இடுப்பு வலிக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கே கழுத்தையும் தோளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஆளை மாற்றுங்கள், வெட்டுகிறவர் கிரேட் தூக்கட்டும், தூக்குகிறவர் வெட்டட்டும். உயரம் குறைந்தவர்கள் பழைய கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறுவார்கள், மண் இளகி இருந்தால் சாயும், அடியில் ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள். தலையில் துண்டு கட்டாயம், பூச்சியும் சருகும் நேராகக் கண்ணில்தான் விழும்.

நேரம் காலைதான். ஆனால் விடிந்ததும் கத்தரியை எடுக்கக் கூடாது, பழத்தில் பனி ஈரம் இருந்தால் கிரேட்டுக்குள் புழுங்கி அழுகும். ஈரம் காய்ந்த பிறகு தொடங்கி, பத்து மணி வெயிலுக்கு முன்னால் முடித்துவிடப் பாருங்கள். வெட்டிய கிரேட் ஒன்றுகூட வெயிலில் நிற்கக் கூடாது. காம்பு காய்ந்து பழுப்பாகிவிட்டால் பழம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழசு மாதிரிதான் தெரியும்.

உசிலம்பட்டித் தம்பி எழுதியது:

அண்ணே, அந்த வெள்ளைப் படலம் மருந்து இல்லையா? எங்கள் அப்பத்தா அதைப் பார்த்தாலே திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிடும். மருந்து என்றால் வெட்டும்போது கையில் படுமே, உறை போட வேண்டுமா?

அப்புறம் நாராயணபுரத்து அக்கா, ஆள் பற்றாக்குறை என்றால் நானும் என் நண்பர்களும் வருகிறோம். கூலி எல்லாம் வேண்டாம், சும்மா வருகிறோம். தோட்டத்து வேலை தெரிந்துகொண்ட மாதிரியும் இருக்கும்.

ஒத்தக்கடை ஐயா (வேளாண் துறை, ஓய்வு) எழுதியது:

தம்பி, அந்தப் படலம் பழம் தானாகச் சுரக்கிற மெழுகு. ஈரம் போகாமல் பழத்தைக் காக்கிறது. உங்கள் அப்பத்தா கழுவுவது நல்ல பழக்கம்தான், கடையில் வாங்கிய பழம் எதுவானாலும் கழுவித்தான் சாப்பிட வேண்டும், ஆனால் காரணம் அந்த மெழுகு இல்லை. மருந்துக் கறை வேறு மாதிரி இருக்கும். இலையிலும் பந்தலைத் தாங்குகிற கல்லுக்காலிலும் நீலமும் வெள்ளையுமாகச் சொட்டுச் சொட்டாகக் காய்ந்திருப்பதைப் பார்த்தால் அது போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. 1880-களில் பிரான்சில் போர்டோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் கண்டுபிடித்தது, இன்றைக்கும் நம் ஊர்ப் பந்தலில் அதுதான் அடிக்கிறார்கள்.

நாராயணபுரத்து அம்மா, மாமாவிடம் முதலில் கேட்க வேண்டியது கடைசியாக எந்த மருந்து, என்றைக்கு அடித்தார் என்பது. ஒவ்வொரு மருந்துக்கும் அடித்த பிறகு அறுவடைக்கு இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று டப்பாவின் மேல் போட்டிருக்கும். அந்த நாள் கணக்கு முடியாமல் கத்தரியை எடுக்கக் கூடாது. சதுர்த்தி வருகிறது, மழை வருகிறது என்று எந்தக் காரணம் சொன்னாலும் சரி. வாங்கிச் சாப்பிடுகிறது குழந்தைகள்.

சின்னமனூர்ச் செல்வி எழுதியது:

நான் பழவெட்டுக்குப் போகிற ஆள்தான். எங்கள் தெருவில் பத்துப் பெண்கள் சேர்ந்து குழுவாகப் போவோம். இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கூலி வேண்டாம், சும்மா வருகிறோம் என்று தம்பி நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் சும்மா வருகிற பத்துப் பேரை நம்பி தோட்டக்காரர் வழக்கமாக வருகிற எங்களிடம் "இந்த வாரம் வேண்டாம்மா" என்று சொன்னால், எங்களுக்கு அந்த வாரம் அடுப்பு எரிகிற காசு போகிறது. அடுத்த வெட்டுக்குக் கூப்பிடும்போது நாங்கள் வேறு தோட்டத்துக்குப் பேசியிருப்போம். அப்போது தோட்டக்காரரும் தவிப்பார். சொந்தக்காரர்கள் வந்து ஒத்தாசை செய்வது வேறு, அதில் எந்தக் குறையும் இல்லை. வெளி ஆட்கள் இலவசமாக வந்து வேலை பார்ப்பது வேறு.

வெட்டுவது எல்லோருக்கும் வரும் என்றும் நினைக்காதீர்கள். ஒரு குலையைப் பார்த்ததும் இது இன்றைக்கு, இது அடுத்த வாரம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாமல் கறுத்ததை எல்லாம் நறுக்கிப் போட்டால் நஷ்டம் தோட்டத்துக்காரருக்குத்தான். அக்கா, நீங்கள் நான்கு பெண்களையாவது கூலிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்து ஊரிலேயே பழகின ஆள் கிடைப்பார்கள். வெட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். நீங்கள் கிரேட் தூக்குங்கள், தரம் பிரியுங்கள், குலையில் இருக்கிற கெட்ட பழத்தை நறுக்கி எடுங்கள். அதற்குத்தான் எப்போதும் ஆள் போதாது.

உசிலம்பட்டித் தம்பி எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்ன பக்கத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை, சொன்னது நல்லது. ஆனால் ஒரு சந்தேகம். மாமா மாதிரி முக்கால் ஏக்கர் வைத்திருக்கிறவருக்குக் கூலி கொடுத்து, கிரேட் வாடகை, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக என்ன மிஞ்சும்? அவரும் சின்ன ஆள்தானே?

ஒத்தக்கடை ஐயா எழுதியது:

கணக்காகவே பார்ப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பன்னீருக்குச் சொல்கிற மகசூல் வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 30 டன். ஏக்கருக்கு 12 டன். வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு என்று வைத்தால் ஒரு காய்ப்புக்கு 6 டன், முக்கால் ஏக்கரில் நாலரை டன். நல்ல பராமரிப்பில் வருகிற அளவு இது, பாதிதான் வந்தது என்று வைத்தாலும் 2 டன்னுக்கு மேல். காலையில் மூன்று மணி நேரம்தான் வெட்ட முடியும் என்றால், பழக்கமில்லாத ஐந்து பேர் சனி ஞாயிறில் அதை முடிப்பது நடக்காத காரியம். செல்வி அம்மா சொல்வதை நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை, வேலையின் அளவே அப்படி. பழகின கை இல்லாமல் மாமா கரை சேர முடியாது.

பழம் எப்போது என்ற கேள்விக்கு வருகிறேன், இந்த இழையில் அதுதான் பெரிய கேள்வி. வாழை, மா, சப்போட்டா எல்லாம் முற்றிய காயாகப் பறித்து வைத்தால் வீட்டில் பழுக்கும். திராட்சைக்கு அது கிடையாது. கொடியிலிருந்து நறுக்கிய நிமிஷத்தில் இனிப்பு நின்றுவிடும். பிறகு பெட்டியில் வைத்தாலும் வைக்கோலில் வைத்தாலும் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகத் தெரியலாம், வாடலாம், இனிப்பு ஏறாது. அதனால் நிறத்தை நம்பாதீர்கள். பன்னீர் முதலில் கறுக்கும், இனிப்பு பின்னால்தான் வந்து சேரும். ஒரு குலையிலேயே மேலே தோள்பட்டைப் பழம் முதலில் இனிக்கும், கீழே நுனிப் பழம் கடைசியில். கொடிக்குக் கொடி ஒரு குலையைத் தேர்ந்து நுனிப் பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள். அது இனித்தால் முழுக் குலையும் தயார். புளித்தால் விட்டுவிடுங்கள். விதையைத் துப்பிப் பாருங்கள், பழுப்பாக இருக்க வேண்டும், பச்சையாக இருந்தால் இன்னும் நாள் வேண்டும். மாமா வாயில் போட்டுவிட்டு யோசிக்கிறார் என்றால் அவர் நாக்கை நம்புங்கள்.

தண்ணீரையும் கேளுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்த வேண்டும். தண்ணீர் பாய்ந்துகொண்டே இருந்தால் எடை நிற்கும், ருசி நிற்காது.

மாட்டுத்தாவணி மண்டி எழுதியது:

பழக் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறேன், பார்த்ததைச் சொல்கிறேன். சதுர்த்திக்கு முந்தின இரண்டு மூன்று நாள் பழத்துக்குக் கேட்பு இருக்கும், உண்மைதான். ஆனால் அதே நாளில் எல்லாத் தோட்டத்திலிருந்தும் பழம் வந்து இறங்கும். அன்றைக்குச் சில்லறைக்காரர் முதலில் எடுப்பது குலை அடக்கமாக, காம்பு பச்சையாக, படலம் கலையாமல் இருக்கிற கிரேட்டை. உள்ளே பச்சைக்காயும், வளராமல் நின்றுபோன பொடிக்காயும் கலந்து வந்தது கடைசி வரை நிற்கும், மதியத்துக்கு மேல் கிடைத்த விலைக்குத் தள்ளுவார்கள்.

அக்கா குடும்பமாகப் போவது இங்கேதான் உதவும். வியாபாரி ஆள் வெட்டும்போது வேகம்தான் முக்கியம், குலையைத் திருப்பிப் பார்க்க நேரம் கிடையாது. நீங்கள் நிழலில் உட்கார்ந்து, காம்பைப் பிடித்துக் குலையைத் தூக்கி, வெடித்தது, அழுகினது, பச்சைக்காய், பொடிக்காய் எல்லாவற்றையும் சின்னக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுங்கள். கையால் பிய்த்தால் தோல் கிழிந்து சாறு வழியும், அந்தச் சாறு பட்ட பக்கத்துப் பழமும் கெடும். முனை மழுங்கின சின்னக் கத்தரி வாங்கிப் போங்கள், கூடவே ஒரு ஈரத்துணி, கத்தரி பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

கிரேட்டின் அடியில் பேப்பர் விரித்து, குலையை ஒன்றின் மேல் ஒன்றாகத் திணிக்காமல், விளிம்புக்குக் கீழேயே நிறுத்துங்கள். மேலே எழும்பி நின்றால் அடுத்த கிரேட்டை அதன் மேல் வைக்கும்போது நசுங்கும். முதல் தரம், இரண்டாம் தரம் இரண்டையும் கலக்காதீர்கள். மேலே நல்ல குலை, அடியில் மட்டமான குலை என்று ஒரு தடவை வந்துவிட்டால், அந்தத் தோட்டத்துக் கிரேட்டை அடுத்த தடவை கவிழ்த்துப் பார்க்காமல் யாரும் எடுக்க மாட்டார்கள்.

சுருளிப்பட்டிப் பந்தல் எழுதியது:

ஐயா சொன்னது பழத்துக்குச் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் மழையை யார் பார்ப்பது? ஆவணியில் பகல் முழுக்கக் காய்ந்து சாயங்காலம் ஒரு மழை கொட்டுகிறது. தண்ணீரை நிறுத்திக் காயப் போட்ட கொடி அந்த மழைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும், பழம் உப்பும், தோல் தாங்காமல் வெடிக்கும். வெடித்த பழத்துக்குக் குளவியும் ஈயும் வரும், இரண்டு நாளில் குலை முழுக்கப் புளித்த வாடை. நுனிப் பழம் இனிக்கட்டும் என்று காத்திருந்து முழுப் பந்தலையும் பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். சின்ன விவசாயி அந்தச் சூதாட்டத்தை ஆட முடியாது ஐயா. முக்கால் பக்குவம் வந்தால் இறக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.

ஒத்தக்கடை ஐயா எழுதியது:

உங்கள் பயம் நியாயம், மழையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் முக்கால் பக்குவம் என்று சொல்லிச் சொல்லித்தான் மதுரையில் தள்ளுவண்டியில் வாங்குகிறவன் "பன்னீர் புளிக்கும்" என்று முடிவு கட்டிவிட்டான். வாசனைக்குப் பேர் போன ரகம். ஒரு தடவை புளித்த பழம் வாங்கினவர் அடுத்த மாதம் விதையில்லாத பச்சைத் திராட்சைக்குப் போய்விடுவார். விலை குறைகிறது என்று பிறகு நாமே வருத்தப்படுகிறோம்.

சின்னமனூர்ச் செல்வி எழுதியது:

இரண்டு பேரும் ஒரே வெட்டாக நினைத்துப் பேசுகிறீர்கள். பந்தலில் எல்லாக் கொடியும் ஒன்று போலப் பழுக்காது. ஓரத்துக் கொடி, வெயில் நன்றாகப் படுகிற மேற்குப் பக்கம் முந்தும், நடுவில் இலை அடர்ந்த இடம் பிந்தும். நாங்கள் போகிற ஒரு தோட்டத்தில் அந்த அம்மா எப்போதும் இரண்டு வெட்டுதான். முதல் வெட்டில் நுனி இனித்த குலை மட்டும். அப்போதே பிந்தின குலைக்கு மேலே மறைக்கிற இலையைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு வருவோம், காற்றும் வெளிச்சமும் படட்டும் என்று. ஒரு வாரம் கழித்து மிச்சம். மழை வந்தாலும் பாதி ஏற்கெனவே சந்தைக்குப் போயிருக்கும், முழுசாகப் போகாது.

வியாபாரிக்கு இது ஒத்து வராது, இரண்டு தடவை வண்டியும் ஆளும் அனுப்ப வேண்டும், அதனால்தான் எல்லோரும் ஒரே வெட்டு என்கிறார்கள். மாமா தானே வெட்டுகிறார், வீட்டு ஆள் இருக்கிறார்கள், தூக்கவும் பிரிக்கவும் கூலி தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த மிச்சத்தில் எங்களைப் போல நான்கு பேருக்கு இரண்டு காலை வேலை கொடுக்கலாம். உசிலம்பட்டித் தம்பி கேட்டதற்கும் இதுதான் பதில்.

சுருளிப்பட்டிப் பந்தல் எழுதியது:

செல்வி அக்கா சொல்வது சரிதான். சின்னப் பந்தலுக்கு இது ஒத்து வரும், ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற எனக்கு வராது. மாமா இதைச் செய்யலாம். இலையைக் கிள்ளும்போது மட்டும் கவனம், ஒரேயடியாக மொட்டையடித்தால் வெயில் நேராகப் பட்டுப் பழம் வெந்துவிடும்.

முதல் வெட்டுக்கு எந்தக் குலை என்று அடையாளம் வைக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. முந்தின நாள் சாயங்காலம் மாமாவும் நீங்களும் வரிசை வரிசையாக நடந்து, ருசி பார்த்து, தயாரான கொடியின் கல்லுக்காலில் ஒரு கலர்த் துணி கட்டிவிடுங்கள். காலையில் வெட்டுகிறவர்கள் துணி இருக்கிற கொடியில் மட்டும் கை வைப்பார்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்.

திருமங்கலத்து அம்மா எழுதியது:

பிரித்து நறுக்கின உதிரிப் பழத்தை என்ன செய்வீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே! இத்தனை கிலோ வெட்டினால் நல்ல உதிரியே கூடை கூடையாகச் சேரும். அழுகினதை மட்டும் எருக்குழியில் போட்டுவிட்டு நல்லதைக் கழுவி, அடி கனமான பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோல் வெடிக்கிற வரைக்கும் கொதிக்க வையுங்கள். மத்தால் லேசாக மசித்தால் போதும், மிக்ஸியில் போடாதீர்கள், விதை உடைந்தால் கசக்கும். துணியில் வடிகட்டி, சர்க்கரை சேர்த்து இன்னொரு கொதி விட்டு, ஆறினதும் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். நிறமும் வாசனையும் கடையில் விற்கிற எந்த எசென்ஸிலும் வராது. வடிகட்டின சக்கையிலேயே இன்னும் சாறு இருக்கும், ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்தால் அன்றைக்கே குடிக்கிற ஜூஸ்.

உசிலம்பட்டித் தம்பி எழுதியது:

அம்மா, வைன் போடலாமே என்று என் நண்பன் கேட்கிறான்.

திருமங்கலத்து அம்மா எழுதியது:

வேண்டாம்பா. நம் மாநிலத்தில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் போடுவது குற்றம். மாமா தோட்டத்துக்கு அந்தத் தலைவலி எதற்கு? ஜூஸே போதும்.

இன்னொரு விஷயம். தோட்டத்து நாய்க்கு யாரும் ஆசையாகத் திராட்சை போடாதீர்கள். ஆடு மாடு இலையையும் பழத்தையும் தின்னும், ஒன்றும் ஆகாது, நாய்க்கு மட்டும் திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாராயணபுரத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் பெரிய நன்றி. முதல் வெட்டு முடிந்து வந்து எழுதுகிறேன், நடந்ததைச் சொன்னால் அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

மாமாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மருந்து நாள் கணக்கு முடிந்திருந்தது, டப்பாவையே எடுத்து வந்து காட்டினார். இரண்டு வெட்டு என்றதும், "இதைத்தானே நான் நினைச்சேன், ஆள் இல்லைன்னு சும்மா இருந்தேன்" என்றார். பக்கத்து ஊரிலிருந்து நான்கு பெண்களைக் கூப்பிட்டார்கள், முன்பு வியாபாரி குழுவோடு அதே பந்தலுக்கு வந்தவர்கள்தான். வெட்டு முழுக்க அவர்கள் கையில். நாத்தனாரும் நானும் அத்தையும் புளியமரத்து நிழலில் பாய் விரித்து உட்கார்ந்து பிரித்தோம். முழங்கால் வலி என்று ஒதுங்கியிருந்த அத்தை இந்த வேலையில் எங்கள் எல்லோரையும் விட வேகம், ஒரு குலையை இப்படி அப்படி ஒரு திருப்பு, நான்கு நறுக்கு, முடிந்தது. பிள்ளைகள் துணி கட்டினார்கள், கிரேட் தூக்கினார்கள். வீட்டுக்காரர் வண்டிக்காரரோடு மாட்டுத்தாவணி போனார்.

விலை: முதல் தரம் வியாபாரி தோட்டத்தில் பேசியதைவிட நன்றாகவே போனது. இரண்டாம் தரம் கிட்டத்தட்ட அவர் சொன்ன விலைக்குத்தான். கூலி, வண்டி, கமிஷன் எல்லாம் கழித்தும் மாமா முகத்தில் திருப்தி இருக்கிறது.

எனக்கு மனசில் நின்றது ஒன்று. வெட்ட வந்த பெண்களில் மூத்தவர் ஒரு கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, துணி கட்டியிருந்தும் வெட்டாமல் தாண்டிப் போனார். ஏன் என்று கேட்டேன். "காம்பு முறுக்கு இன்னும் விடல, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்" என்றார். மாமா போய் இன்னொரு குலையை ருசி பார்த்தார், அந்த அம்மா சொன்னது சரி. இந்த அறிவுக்கு நாம் கொடுக்கிற கூலி குறைவு என்றுதான் எனக்குப் பட்டது. மாமாவிடமும் சொன்னேன், இரண்டாவது வெட்டுக்குச் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் மழை வந்தது. பெரிய மழை இல்லை, ஆனாலும் மிச்சக் குலையை நினைத்தால் கவலையாக இருக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

மாட்டுத்தாவணி மண்டி எழுதியது:

அக்கா, உங்கள் கிரேட் வந்ததைப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன், அடியில் பேப்பர் விரித்து, காம்பெல்லாம் ஒரே பக்கமாக வந்தது ஒரு லோடு. எடுத்த சில்லறைக்காரர் அடுத்த லோடு எப்போது என்று கேட்டுவிட்டுப் போனார். சீட்டைப் பத்திரமாக வையுங்கள், எடை, விலை, கழிவு மூன்றும் அதில் இருக்கும், அடுத்த தடவை ஒத்துப் பார்க்க வசதி.

ஒத்தக்கடை ஐயா எழுதியது:

மழைக்கு மறுநாள் காலையில் மாமா முதலில் பார்க்க வேண்டியது வெடிப்பு. வெடித்த பழத்தை மட்டும் குலையிலேயே வைத்து நறுக்கி எடுத்து, பந்தலுக்குக் கீழே போடாமல் வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். கீழே போட்டால் ஈயும் குளவியும் அங்கேயே குடியிருக்கும். கொடியில் ஈரம் தேங்கி நிற்கிற இடத்தில் இன்னும் இரண்டு இலை கிள்ளலாம். பயந்துபோய் மருந்து எதையும் அடிக்க வேண்டாம், அடித்தால் மறுபடி நாள் கணக்கு ஆரம்பமாகும், இரண்டாவது வெட்டு தள்ளிப் போகும். ஈரம் நன்றாகக் காயாமல் வெட்டவும் வேண்டாம்.

சின்னமனூர்ச் செல்வி எழுதியது:

கூலி சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்னது மனசுக்கு நிறைவாக இருக்கிறது அக்கா. இரண்டாவது வெட்டுக்கு அந்த அம்மாவிடம் இப்போதே நாள் சொல்லிவிடுங்கள், சதுர்த்தி நெருங்கினால் எல்லாத் தோட்டத்திலும் கூப்பிடுவார்கள். காலையில் டீயும் ஏதாவது பலகாரமும் வெட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், நடுவில் நிறுத்தினால் வெயில் ஏறிவிடும்.

சுருளிப்பட்டிப் பந்தல் எழுதியது:

இரண்டாவது வெட்டோடு மாமா ஓய்ந்துவிடக் கூடாது. பழம் இறங்கின கொடி களைத்திருக்கும், உடனே அடுத்த கவாத்துக்கு அவசரப்பட வேண்டாம். தொழுவுரம் வைத்து, தண்ணீர் விட்டு, இலையைக் கொஞ்ச காலம் நிற்க விடுங்கள், அடுத்த காய்ப்புக்கு வேண்டிய சத்தை அந்த இலைதான் குச்சியில் சேர்த்து வைக்கும். மார்கழி, தை வாக்கில் கவாத்து செய்தால் சித்திரை, வைகாசியில் பழம் வரும், மழைத் தொந்தரவும் குறைவு. கவாத்துக்கு ஒரு வாரம் முன்னால் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள்.

கவாத்துக்கும் உங்கள் குடும்பம் போவதானால் வெட்டின குச்சியைக் கூட்டி வெளியே எடுக்கிற வேலை நிறைய இருக்கும், நோய் பிடித்த குச்சி பந்தலுக்குக் கீழே கிடக்கவே கூடாது. கத்தரி பிடிக்கிற வேலையை அதிலும் பழகினவரிடமே விடுங்கள். எத்தனை மொட்டு விட்டு நறுக்குகிறார் என்பதில்தான் அடுத்த காய்ப்பு இருக்கிறது. தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள், எங்கள் பந்தலில் வெட்டு இல்லாத வாரமாக இருந்தால் நானே ஒரு எட்டு வந்து மாமாவைப் பார்க்கிறேன்.